யார் நெய்த லுங்கி

காய்ச்சல் என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆம்பூரில் பஸ் ஏறி, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் குடியாத்தம் வந்து இறங்கினேன். எங்கள் தெரு முனையில் திரும்பியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. சத்தமே இல்லை. முப்பது வீட்டுக்கு மேல் பவர்லூம் ஓடுகிற தெரு அது. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேச வேண்டுமென்றாலும் காதருகே வாயைக் கொண்டுபோக வேண்டும். கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். முனைக் கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் தெரியாத ஸ்கூட்டி ஒன்று நின்றது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள்.

"ஒருத்தி உன் வீட்லதான் இருக்கறா. நோட்டு வெச்சினு வந்திருக்கறா. ரெய்டா இருக்கும்னு சொல்றாங்க. உள்ள போ, ஆனா எதுனா வாய உட்டுடாத."

ரெய்டு என்றால் எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் புரியும். சில ரகத் துணியைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும், பவர்லூமில் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. எந்த ரகம், எந்த நூல் என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். முழுசாகத் தெரிந்தவர் யாருமில்லை, பயம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. தெரியாத முகம் நோட்டோடு வந்தால் முதல் வீட்டில் மோட்டாரை நிறுத்துவார்கள். அது நின்றது காதில் பட்டதும் அடுத்த வீடு நிறுத்தும். அன்றைக்கு அப்படித்தான் ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன். முப்பத்தைந்து வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் நோட்டு. உள் அறையில் குழித்தறி ஓரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரருடைய அக்காவை. புகுந்த வீடு சரிப்படாமல் இருபது வருஷத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டவர். வீட்டில் நாலு பவர்லூம் என் வீட்டுக்காரருடையது. உள் அறையில் இருக்கிற குழித்தறி அண்ணியுடையது. அதில் வேறு யாரும் கை வைக்க முடியாது. பள்ளிகொண்டாவிலும் திருப்பத்தூரிலும் அவர் லுங்கிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிற கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர்களோடு அவரே போனில் பேசிக்கொள்வார். தம்பி குறுக்கே பேசினால், "உன் மோட்டார போய் பாரு" என்பார்.

"வேலூர் முழுக்க ஒன்பது நாள் துணித் திருவிழா நடக்கப் போவுதுங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். "கோட்டைப் பக்கம், பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டபம், எல்லா இடத்துலயும். நெய்றவங்க, தைக்கறவங்க, பூ வேலை செய்றவங்க எல்லாரும் வந்து உக்காந்து செஞ்சி காட்டுவாங்க. நீங்களும் வரணும்க்கா."

பேச்சு இனிப்பாகத்தான் இருந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறேன். லைனில் தைத்து வருகிற மேல்பாகத்தைக் கையில் எடுத்து, திருப்பி, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தப்பு இருந்தால் வெள்ளிப் பேனாவால் குறி போட்டுத் தள்ள வேண்டும். நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எடுத்தால் தப்பு கண்ணில் படாது. தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். இதைப் பதினெட்டு வருஷம் செய்தால் ஆள் மாறிவிடுவாள். கல்யாண வீட்டில் பொண்ணோட முகத்தைப் பார்க்காமல் ரவிக்கைத் தையலைப் பார்ப்பேன். யாராவது ரொம்ப அன்பாகப் பேசினால் இவர் எதை மடித்து உள்ளே வைத்திருக்கிறார் என்றுதான் மனசு போகும்.

அந்தப் பெண் அண்ணியிடம் கேட்ட கேள்விகளை நான் கதவோரம் நின்று எண்ணினேன். ஒரு நாளைக்கு எத்தனை லுங்கி இறங்கும்? தறிக்கு நீள நூல், பாவு, யார் ஓட்டுகிறார்கள்? வாரத்தில் எத்தனை நாள் தறியில் உட்காருவீர்கள்? திருவிழாவுக்குக் கூப்பிட வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?

"ரெண்டு எறங்கும். மனசு நல்லா இருந்தா மூணு" என்றார் அண்ணி.

அவள் எழுதிக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். அண்ணியை போட்டோ எடுத்தாள். கிளம்பும்போது நடையில் ஒரு நிமிஷம் நின்றாள். செருப்பு மாட்டுகிற சாக்கில் தலையை நிமிர்த்தி, சுவரில் இருந்த கரண்ட் மீட்டரைப் பார்த்தாள். பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரிந்தது. "வர்றேன்க்கா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஸ்கூட்டி முனை திரும்பியதும் ஒவ்வொரு வீடாக மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். திருவிழா என்பதே ஒரு பொறி என்றார் ஒருவர். இன்னொருவர், டிசைனைத் திருடிக்கொண்டு போய் வேறு ஊரில் போடப் போகிறார்கள் என்றார். மீட்டரைப் பார்த்தாள் என்று நான் சொன்னதும் எல்லோர் முகமும் மாறியது. மோட்டார் எவ்வளவு ஓடுகிறது என்று மீட்டர் காட்டிவிடும். அதற்கு முன்பு வெறும் பேச்சாக இருந்தது, நான் சொன்னதும் சாட்சியாகிவிட்டது. போகக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு கலைந்தார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, "நம்ம போலாம். நான் போன் பண்ணி பேர் குடுத்துட்டேன். ஸ்டால் தர்றாங்களாம்" என்றார்.

"பொறின்னு சொன்னாங்களே?"

"இன்னா பொறி? எல்லாத்தையும் சந்தேகப்பட்டா பொழைக்க முடியுமா?"

இந்த மனுஷன் முனிசிபாலிட்டி ஆள் கொசு மருந்து அடிக்க வந்தாலே அடையாள அட்டை கேட்கிறவர். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததும் எனக்குச் சந்தேகம் அந்த நோட்டுக்காரியை விட்டு இவர் பக்கம் திரும்பியது.

அண்ணிக்குப் போக ஆசை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் புதுசாக ஒரு பாவு போட்டார். நீலத்தில் சிவப்புக் கட்டம், ஓரத்தில் மெல்லிசாக மஞ்சள். காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போதே தறியில் உட்கார்ந்திருப்பார், திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருப்பார். அதே நேரத்தில், முன் அறையில் இரண்டு பவர்லூமில் என் வீட்டுக்காரரும் பாவு மாற்றினார். நான் போய்ப் பார்த்தேன். நீலத்தில் சிவப்புக் கட்டம், ஓரத்தில் மஞ்சள்.

"இன்னாங்க, அண்ணி போட்ட அதே கட்டம்?"

"நல்லா இருந்துச்சி. போட்டேன். அக்கா கட்டத்த தம்பி போடக் கூடாதா?"

போடலாம்தான். வீட்டுக்கு வீடு போடுகிறார்கள். பேசாமல் வந்துவிட்டேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். கட்டுக் கட்டாக டேக். காகித அட்டை, சணல் கயிறு கோத்தது. ஒவ்வொன்றிலும் அண்ணி படம். அன்றைக்கு அந்தப் பெண் எடுத்த அதே படம்தான். தறிக் குழியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, பாதிச் சிரிப்போடு. கீழே, 'இந்த லுங்கியைக் கைத்தறியில் நெய்தவர்' என்று போட்டு அண்ணி பேர்.

அண்ணி இதுவரைக்கும் நெய்து மடித்து வைத்திருந்தது முப்பத்தி ஆறு. எனக்குத் தெரியும், நான்தான் மடித்தேன். டேக் நூற்றுக்கு மேல் இருந்தது.

எல்லாம் புரிந்துவிட்டது. முன் அறையில் எதற்கு அதே கட்டம், ஏன் யாரையும் கேட்காமல் பேர் கொடுத்தார், எதற்காக 'சந்தேகப்பட்டா பொழைக்க முடியுமா' என்றெல்லாம்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, அண்ணி உள்ளே இருந்தார்.

"இருக்கட்டுமே. ரெண்டும் நம்ம வீட்ல நெஞ்சதுதானே? ஒரே நூலு, ஒரே சாயம். வாங்கறவனுக்கு இன்னா தெரியப் போவுது? ஒம்போது நாளைக்கி முப்பத்தாறு லுங்கிய வெச்சினு நான் ஈ ஓட்டவா?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சி இன்னா ஆவணும்? நீ பேஜார் பண்ணாத."

நான் பேஜார் பண்ணவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. கம்பெனியில் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு, அடுத்த லைன் மால் எதையும் தொடாதே, அது அவர்கள் சரக்கு என்று. அதில் தப்பு இருந்தாலும் அது உன் தப்பு இல்லை. நான் டேக்குகளைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, சட்டையைத் துவைத்துக் காயப் போட்டேன். அண்ணி அன்றைக்கு என்னிடம், "என் புடவைல எத கட்னா நல்லா இருக்கும், சொல்லு" என்று கேட்டார். பச்சையைக் கட்டுங்கள் என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வேலூரில் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிசாக இருந்தது. மைதானத்துக்குப் போகிற தெருவில் இந்தப் பக்கத்து மாடிக்கும் அந்தப் பக்கத்து மாடிக்கும் கயிறு கட்டி நீள நீளமாகத் துணியைத் தொங்க விட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டினார்கள். ஆம்பூரிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள் மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஜரிகைப் பூ போட்டார்கள். எங்களுக்கு அடுத்த ஸ்டால் நெமிலிப் பக்கத்துப் பெண்கள். களை எடுக்க, நாற்று நட போகிறவர்கள். பழைய புடவைகளை அடுக்கி மெத்தை மாதிரி தைத்த விரிப்புகளைக் கொண்டுவந்திருந்தார்கள். நுழைவாயிலில் ஊர்த் துணி என்று ஒன்று. வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டு தைத்து இணைக்க வேண்டும். எனக்கும் ஊசியைக் கொடுத்தார்கள். இதை எதற்குச் சேர்க்கிறார்கள், பிறகு யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டேன். ஊசி கொடுத்தவர் சிரித்தார். நான் தைக்கவில்லை.

எங்கள் ஸ்டாலுக்கு முன்னால் மேடை போட்டு ஒரு சின்னத் தறி வைத்திருந்தார்கள். அண்ணி பச்சைப் புடவையில் அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சுற்றிக் கூட்டம். நூல் கோத்த நாடா இங்கும் அங்கும் ஓடுகிறதைப் பார்த்து ஒரு குழந்தை கை தட்டியது. அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பின்னால் மேஜையில் லுங்கிகள் மூன்று அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் மேலே பத்துப் பன்னிரண்டு அண்ணி நெய்தது. அடியில் பவர்லூம் மால். எல்லாவற்றிலும் அண்ணியின் பாதிச் சிரிப்பு. அண்ணிக்கு முதுகுப் பக்கம் என்பதால் அவர் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் வாங்க வந்தவர்களிடம் வாய் ஓயாமல் பேசினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தில் அந்த நோட்டுக்காரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் வந்தாள். என் வீட்டுக்காரர் அப்போதுதான் டீ வாங்கப் போயிருந்தார். அவர் போகிற வரைக்கும் காத்திருந்து வந்தாளோ என்று எனக்குத் தோன்றியது.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அடுக்கில் நடுவில் கை விட்டு ஒன்றை உருவினாள். மேலே இருந்ததை எடுக்கவில்லை. முழுசாக விரிக்கவும் இல்லை. அவள் கை நேராகத் துணியின் ஓரத்துக்குப் போனது. கரையை இரண்டு விரலில் பிடித்து, கட்டைவிரலை மெல்ல ஓட்டிக்கொண்டே போனாள். அப்புறம் வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.

அது துணி வாங்குகிற கை இல்லை. செக்கிங் கை.

அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். கைத்தறியில் நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க, முனையில் ஊசி வைத்த ஒரு கம்பை இரண்டு கரைக்கும் குறுக்கே மாட்டுவார்கள். நெய்ய நெய்ய அதைக் கழற்றி நகர்த்த வேண்டும். அதனால் கரையில் விட்டு விட்டு ஊசித் தடம் விழும். பவர்லூமில் அந்த வேலையை உருளை செய்யும், தடம் இடைவெளி இல்லாமல் ஒரே சீராகப் போகும். கடையில் வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் இன்னொன்றை உருவினாள். பிறகு ஒன்று. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்காமல் மேடைக்குப் போனாள்.

"அக்கா, இது மொத்தமும் நீங்க நெஞ்சதுங்களா?"

அண்ணி தறியை நிறுத்தினார். துணியைப் பார்க்கும் முன்னால் டேக்கைத்தான் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்து ஒரு நொடி வெட்கப்பட்டார். அப்புறம் கை துணிக்குப் போனது. இரண்டு விரலில் கசக்கினார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். மேடையிலிருந்து இறங்கி மேஜைக்கு வந்து, அடுக்கை மேலிருந்து அடி வரைக்கும் பார்த்தார். நூற்றுக்கு மேல் தன் முகம்.

திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

"நீ கட்னியா இத?"

"அண்ணி..."

"நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நீதான். மடிச்சவ நீதான். பச்சப் புடவ கட்டிக்கனு சொன்னவளும் நீதான். என்ன அலங்காரம் பண்ணி முன்னால உக்கார வெச்சிட்டு, முதுகுக்குப் பின்னால இத வித்துனு இருந்தியா?"

நான் இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். எல்லோரையும் சந்தேகப்பட்டே பழகியவள் நான். என்னை ஒருத்தர் அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. முகத்தில் வெயில் அடித்த மாதிரி இருந்தது. அதைவிட மோசம், அவர் சந்தேகத்தில் பாதி சரி. டேக் கட்டியது நான் இல்லை. தெரிந்தும் இரண்டு நாள் அவரோடு ஒரே சட்டியில் சாப்பிட்டது நான்.

"நான் கட்டல. ஆனா தெரியும் அண்ணி" என்றேன். "முந்தாநாளே தெரியும்."

அண்ணி கையிலிருந்த லுங்கியை மேஜை மேல் போட்டார். அடுத்த ஸ்டாலில் நெமிலிப் பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தறியைப் பார்க்க வந்த கூட்டம் இப்போது எங்களைப் பார்த்தது.

அப்போது நான் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. மேஜை மேல் இருந்த மொத்த லுங்கியையும் என் பக்கம் இழுத்தேன். அடுக்குகள் சரிந்து கலந்தன. முதலாவதை எடுத்தேன். கரையைப் பிடித்து விரல் ஓட்டினேன், வெளிச்சத்தில் பார்த்தேன், வலது பக்கம் வைத்தேன். இரண்டாவது, வலது. மூன்றாவது, இடது. கத்தரிக்கோலை எடுத்து அதன் டேக்கை வெட்டினேன். கம்பெனியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பார்ப்பேனோ அதே வேகத்தில் பார்த்தேன்.

இருபது போயிருக்கும். அண்ணி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் வலது பக்கம் வைத்ததில் ஒன்றை எடுத்து, கண்ணால் பார்க்காமல் கையால் தடவிவிட்டு, இடது பக்கம் போட்டார்.

"இது என்துல்ல."

திரும்பப் பார்த்தேன். நான்தான் தப்பாகப் பார்த்திருந்தேன். அதன் பிறகு நான் பார்த்து வைத்த ஒவ்வொன்றையும் அண்ணி மறுபடி தொட்டுப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் என் செக்கிங்கை யாரும் அப்படி மறுசெக்கிங் செய்ததில்லை.

என் வீட்டுக்காரர் டீயோடு வந்தபோது வேலை முடிகிற நேரம். கையில் நாலு காகித டம்ளர் வைத்த அட்டை. தரையில் விழுந்து கிடந்த டேக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"இன்னாது இது?" என்றார் என்னிடம், அடிக்குரலில். "வீட்டு விஷயத்த நடுத் தெருவுல கொண்டாந்து வெச்சிட்டியே."

அண்ணிதான் பதில் சொன்னார். "தெருவுல வெச்சவன் நீ. என் மூஞ்சிய வெச்சி."

"அக்கா, ரெண்டும் நம்ம வீட்டு..."

"உன் லுங்கில இன்னா கொறடா? நல்லாதான நெஞ்சிருக்கற. உன் மூஞ்சியப் போட்டு வியேன். எதுக்கு என்து?"

அவர் டீ அட்டையை நாற்காலி மேல் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். டீயை யாரும் தொடவில்லை.

அந்தப் பெண் இவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். நான் அவளிடம் போனேன்.

"உண்மையச் சொல்லுங்க மேடம். நீங்க யாரு?"

"காலேஜ்ல துணி பத்திப் பாடம் எடுக்கறேன்க்கா. திருவிழா கமிட்டில கைத்தறின்னு சொல்லி வர்றத சரிபார்க்கற வேல என்கிட்ட குடுத்திருக்காங்க."

"அப்ப அன்னிக்கி வீட்டுக்கு வந்தது?"

கொஞ்சம் தயங்கினாள். "கூப்பிடத்தான் வந்தேன். பாக்கவும்தான் வந்தேன். ஒரு நாளைக்கி எத்தன எறங்கும்னு தெரிஞ்சா, ஸ்டால்ல எத்தன இருக்கலாம்னு தெரியும்ல. உங்க வீட்டுக்காரர் போன் பண்ணி நூத்திச் சொச்சம் டேக் கேட்டப்பவே எனக்கு டவுட்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. டேக்க ஏன் குடுத்தீங்க?"

"கேட்ட எல்லாருக்கும் குடுத்தோம்க்கா" என்றாள்.

ஆக, எங்கள் தெரு சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அவள் எங்களைச் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறோம். ஆனால் எங்களுக்குக் கயிறு விட்டு, நாங்களாகவே கழுத்தில் மாட்டிக்கொள்கிறோமா என்று பார்த்தாளே, அதை மட்டும் இன்றைக்கு வரைக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அண்ணியிடம் முதலில் வந்து காதோடு சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் கேட்டிருக்க வேண்டாம்.

"எங்க தெரு பேரெல்லாம் எழுதி எங்கயாச்சும் குடுக்கப் போறீங்களா?"

"இல்லக்கா. அது என் வேல இல்ல."

நம்பினேனா என்றால், இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் வாசலில் வண்டி நின்றால் காது விறைக்கும். யாரும் வரவில்லை. வராததாலேயே அவள் சொன்னது உண்மை என்று ஆகிவிடாது என்றுதான் எதிர்வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள்.

கமிட்டி எங்களை வெளியே போகச் சொல்லும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டு அடுக்கையும் தனித் தனியாக வைக்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு அட்டையில் அவர் கையாலேயே 'பவர்லூம் லுங்கி' என்று எழுதி இடது பக்கம் மாட்டினார். யாரும் அவரைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. கட்டம் பிடித்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் வந்தது என்று நினைக்கிறேன். பொய் சொல்லாமலே விற்றிருக்கலாம் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி ஒன்பது நாளும் தறியில் உட்கார்ந்தார். வெட்டிப் போட்ட டேக்குகளை முதல் நாளே பொறுக்கி எடுத்து, தன் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். தம்பியோடு இரண்டு மாசம் பேசவில்லை. சாப்பாடு நான்தான் இரண்டு பேருக்கும் தனித் தனியாகப் போட்டேன். என்னோடு பேசினார். ஆனால் பழைய மாதிரி இல்லை. நான் கடையிலிருந்து நூல் வாங்கி வந்தால் கட்டைப் பிரித்து எண்ணிப் பார்ப்பார். போனில் வந்ததைப் படித்துக் காட்டினால், பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லி இரண்டும் ஒன்றா என்று பார்ப்பார். முதலில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. லைனில் என் கைக்கு வருகிற மாலுக்கு இப்படித்தான் இருக்கும் போல என்று ஒரு நாள் தோன்றி, தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார். தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீ ரெண்டு நாள் முன்னாடியே கத்தியிருந்தா நான் எடுத்துனு போயிருக்க மாட்டேன்" என்றார். பழியை என் பக்கம் தள்ளுகிறார் என்று சுள்ளென்று வந்தது. யோசித்துப் பார்த்தால் அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இந்த வருஷமும் திருவிழா வருகிறது. போன வாரம் விண்ணப்பப் பாரம் வந்தது. அண்ணி அதை என்னிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து நிரப்பினார். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்துவிட்டு, மூன்றாவது தடவை நின்றார்.

"என் பேர்?"

"பவர்லூமுக்குத் தனியா பாரம் இருக்குதாம். போன் பண்ணி வாங்கி எழுது" என்றார் அண்ணி, தலை நிமிராமல்.

அவர் போய்விட்டார். எழுதுவாரா மாட்டாரா என்று தெரியவில்லை. அண்ணி பாரத்தை மடித்தார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எதையோ வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"தொணைக்கி ஒரு ஆள் பேர் போடணும்னு கேட்டிருக்கறான். உன் பேரப் போடட்டா?"

"கம்பெனில லீவு கேக்கணும் அண்ணி."

"கேளு மொதல்ல. அப்புறம் போடறேன்" என்றார்.